முப்பத்தொரு நிமிடத் தூரம்

அக்தோபோவிலிருந்து எங்கள் தாஷ்கோரோவுக்கு வான்வழியில் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம் அதை முப்பத்தொரு நிமிடத்தில் கடக்கும். தரைவழியில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், எட்டு மணி நேரம். அதுவும் கோடையில்தான். நவம்பரில் சேணக் கணவாயைப் பனி மூடிவிட்டால் மே மாதம்வரை சாலையே கிடையாது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தாலும், பல்லில் சீழ் வைத்தாலும், மகன் பட்டாளத்திலிருந்து திரும்பினாலும் அந்த முப்பத்தொரு நிமிடத்தைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

எங்கள் விமான நிலையம் என்பது ஒரு சரளைக்கல் ஓடுபாதை, கம்பத்தில் காற்றின் திசை காட்டும் ஒரு துணிப்பை, நீலச் சாயம் அடித்த ஒரு சின்னக் கட்டடம், அவ்வளவுதான். அதில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து விமானிகளோடு பேசும் வேலை சைராகுல் அக்காவுக்கு. நான் சாகின். டிராக்டர் ஓட்டி ஓடுபாதைப் பனியைத் தள்ளுகிறவன். எனக்கு அப்போது முப்பது வயது, அக்காவுக்கு முப்பத்து நான்கு. கையுறை காயவைக்கிற சாக்கில் பாதி நாள் அவளுடைய அறையில் அடுப்பருகே உட்கார்ந்திருப்பேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு அக்கா அக்தோபோவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்க நிலையத்தில் இதே வேலை பார்த்தவர் ஒரோஸாலி, அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"அண்ணே, எங்க கனிஷாய் இன்னிக்கு வர்றா. நர்ஸ் படிப்பு முடிச்சாச்சு. ஓஷ்ல இருந்து பஸ்ல வர்றா. பனியில பஸ் கொஞ்சம் முன்னப் பின்ன ஆச்சுன்னா பாத்துக்கங்க."

அக்கா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பாள், அவ்வளவு சத்தமாகப் பேசுவார் அவர். எனக்கும் கேட்டது.

"உன் தங்கச்சிய விட்டுட்டுப் போயிடுவானா? குபாத்த றெக்கையோட சேத்துக் கட்டிப் போட்டுடறேன் போ."

குபாத் அன்றைய விமானி. ஐந்து வருடமாக இந்தத் தடத்தில் பறந்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்து சேர்வார் என்று ஊரில் பேச்சு.

பதினொன்று ஐந்துக்குப் போன் அடித்தது. "கெளம்பிடுச்சு" என்றார் ஒரோஸாலி. "கனிஷாய் ஏறிட்டாளா?" என்று அக்கா கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. அந்தக் காலத்தில் தொடர்பு கிடைப்பதே அபூர்வம். அக்கா பதிவேட்டில் 'புறப்பாடு 11.05' என்று எழுதினாள். வந்துசேர வேண்டிய நேரம் 11.36.

பதினொன்று இருபத்திரண்டுக்குக் கணவாயில் இருக்கும் வானிலைச் சாவடியிலிருந்து போன். மேகம் இறங்குகிறது, இன்னும் ஐந்து நிமிடத்தில் சேணம் கண்ணுக்குத் தெரியாது என்றான் அங்கிருந்த காவலாளி. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினேழு நிமிஷம் ஆச்சு. பதினெட்டாவது நிமிஷம் சேணம். தாண்டிக்கிட்டு இருப்பாங்க."

வயர்லெஸ்ஸில் இரண்டு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. மலைக்குப் பின்னால் இருந்தால் குரல் சரியாக வராது, அது வழக்கம்தான். பதினொன்று முப்பதுக்குக் கரகரப்புக்கு நடுவே குபாத்தின் குரல் வந்தது. "மேகம்... இடப்பக்கமா... சுத்தி..." அவ்வளவுதான் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் பறந்த விமானம் சேணத்தைத் தாண்டி எங்கள் பக்கப் பள்ளத்தாக்கில்தான் இருக்க வேண்டும். இங்கே வானம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"குபாத், இங்க தெளிவா இருக்கு. வாங்க, வாங்க" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் எதுவும் வரவில்லை. நான் ஓடுபாதை முனையில் போய் நின்றேன். பன்னிரண்டு மணிக்குமேல் எங்கள் வானத்திலும் மேகம் ஏறியது. விமானிகள் இருவர், பயணிகள் ஏழு பேர். வழியனுப்பியவர்கள் அங்கே, வரவேற்க வந்தவர்கள் இங்கே. அக்காவின் அம்மா கனிஷாய்க்காக எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டிகளை ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரொட்டி சூடு ஆறிவிடக் கூடாது என்று மடியில் வைத்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தேடினோம். எங்கே தேடுவது என்பதற்கு ஒரே ஆதாரம் அந்தக் கணக்குதான். இருபத்தைந்து நிமிடம் என்றால் எழுபத்தேழு கிலோமீட்டர். வரைபடத்தில் அந்த இடம் எங்கள் பக்கத்துக் கராசாய் பள்ளத்தாக்கில் விழுந்தது. பிப்ரவரியில் பத்து நாள், மே மாதத்தில் பனி உருகியதும் ஒரு மாதம். வேட்டைக்காரர்களோடு நானும் போனேன். ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஒரோஸாலி பதிவேட்டைக் காட்டினார். அக்காவிடம் போனில் சொன்னார்: "உன் தங்கச்சி பத்தேமுக்காலுக்கே வந்துட்டாம்மா. எல்லாம் நேரத்துக்குத்தான் நடந்துச்சு." அக்கா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடினாள். தான் கேட்ட உதவிக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு ஒருவர் சொல்லிவிட்டார் அல்லவா.

அடுத்த குளிர்காலத்தில் அந்தச் சத்தம் வந்தது.

நான் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கணவாய்ப் பக்கம் மேகம் மூடியிருந்தது. மேற்கே எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தப் பழைய விமானத்தின் சத்தத்தை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. வயதானவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். அன்று எந்த விமானமும் வரவேண்டியதில்லை. சத்தம் நெருங்கி, தாழ்ந்து, ஓடுபாதையின் மேற்கு முனையில் சக்கரம் தரையைத் தொட்டது. சரளை நொறுங்கும் ஓசை என்னைக் கடந்து போனது. காற்று முகத்தில் அடிக்கவில்லை. நான் தள்ளி வைத்திருந்த பனி அப்படியே கிடந்தது. கட்டடத்தின் முன்னால் போய் எஞ்சின் அணைந்தது. நிலையத்து நாய் எழுந்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. யாரோ இறங்குவதற்காகக் காத்திருப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். தலையில் சால்வை இல்லை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சுக்கா."

"கதவு தெறக்கற சத்தம் கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"எனக்கும் கேக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் கணவாயை மேகம் மூடும் நாட்களில் அது வந்தது. பருவத்துக்கு நான்கைந்து தடவை. அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டில் நாளும் நேரமும் குறித்தாள். எப்போதும் 11.47. ஊரில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. முல்லாவிடம் சொல்லலாமே என்றேன் ஒருமுறை. "சொன்னா ஓதி அனுப்பிச்சுடுவாரு. அப்புறம் அவ வரமாட்டா" என்றாள். கல்யாணம் வந்தது, வேண்டாம் என்றாள். அம்மா செத்துப்போனாள். அக்கா அந்த அறையை விட்டு வெளியூர் எங்கும் போகவில்லை. கணவாய் மூடும் நாளில் பதினொன்றரை மணிக்கே வெளியே போய் நிற்பாள். சத்தம் வந்து, அணைந்து, முடிந்த பிறகும் கால் மணி நேரம் நிற்பாள். கதவு திறக்கும் என்றுதான் நின்றாள் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தத் தடத்தில் விமானமே நின்றுபோனது. நிலையம் மட்டும் மூடப்படாமல் இருந்தது. நாங்கள் இருவரும் வானிலை அளவுகளை எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அப்படி இருபத்திரண்டு வருடம். இரண்டாயிரத்துப் பதினேழு ஜனவரியில் தலைநகரிலிருந்து எமில் என்று ஒரு அதிகாரி ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. பழைய தடங்களை மறுபடி திறக்கலாமா என்று பார்க்க வந்தவர். மடிக்கணினியைத் திறந்துவைத்துப் படிவம் நிரப்பினார். நான் அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல தூரம் எவ்வளவுக்கா?"

"வான்வழியில தொண்ணூத்தாறு."

"பறக்கற நேரம்?"

"சின்ன விமானத்துக்கு முப்பத்தொண்ணு."

"கரெக்டா முப்பத்தொண்ணா? ரவுண்டா அரை மணி நேரம்னு போடட்டுமா?"

"முப்பத்தொண்ணுன்னே போடுங்க தம்பி. அரை மணிக்கு ஆசைப்பட்டவங்க மலைமேல இறங்கணும்."

அவர் சிரித்தார். அப்போதுதான் சத்தம் வந்தது. பேச்சுக்கு நடுவில் நாங்கள் இருவருமே கணவாய்ப் பக்கம் பார்க்க மறந்திருந்தோம். எமில் தலையைத் தூக்கினார்.

"இன்னிக்கு விமானம் இருக்கா? எங்கிட்ட யாரும் சொல்லலையே."

அக்கா நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு நாப்பத்தேழு. அப்ப அங்க பதினொண்ணு பதினாறுக்குக் கெளம்பியிருக்கணும். பாத்தீங்களா, உங்க முப்பத்தொண்ண இப்பவே சரிபாத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. எதுவும் கேட்காமல் மடிக்கணினியை மூடினார். மறுநாள் ஹெலிகாப்டர் வரும்வரை பள்ளிக்கூடத்து விருந்தினர் அறையிலேயே இருந்தார்.

அக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. கையில் இருந்த பேனாவை மேஜைமேல் மெதுவாக வைத்தாள்.

"சாகின், இருபத்திரண்டு வருஷமா நாப்பத்தேழுன்னு எழுதறேன். ஒரு தடவகூட கழிச்சுப் பாக்கல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அது லேட்டா வரல. சரியான நேரத்துக்குத்தான் வருது. கெளம்பினதுதான் லேட்டு."

அன்று சாயங்காலம்வரை அவள் பழைய வரைபடத்தை விரித்து நூல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். பதினாறுக்குக் கிளம்பியிருந்தால், குபாத் முப்பதுக்குப் பேசியபோது பதினான்கு நிமிடம்தான் பறந்திருப்பார். நாற்பத்து மூன்று கிலோமீட்டர். சேணத்துக்கு அந்தப் பக்கம், கோக்ஜார் ஆற்றுப் பள்ளம். நாங்கள் தேடிய இடத்திலிருந்து முப்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஒரு மலைத்தொடர். பதினோரு நிமிடம் எதற்காக நின்றார்கள் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரோஸாலி அண்ணன்கிட்ட போன்ல கேளேன்க்கா."

"போன்ல கேக்கற கேள்வி இல்ல அது."

மே மாதம்வரை காத்திருந்தாள். அந்த நான்கு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். சத்தம் இன்னும் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அவள் வெளியே போகவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவாய் திறந்த இரண்டாம் நாள் என் பழைய நீவா ஜீப்பில் கிளம்பினோம். சேணத்தின் உச்சியில் நிறுத்தச் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் முதன்முறையாக அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கீழே கோக்ஜார் கறுப்பாகக் கிடந்தது. பள்ளத்தின் நுழைவாயைப் பாறை சரிந்து அடைத்திருந்தது. மேய்ச்சலுக்குக்கூட யாரும் இறங்காத இடம். காற்றில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "போலாம்" என்றாள்.

அக்தோபோவில் ஒரோஸாலி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வாதுமைத் தோட்டத்தில் இருந்தார். அறுபத்தெட்டு வயது. வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"வா சைராகுல். வருவேன்னு தெரியும். இவ்வளவு வருஷம் ஆகும்னுதான் நெனைக்கல."

மருமகள் துணி விரித்துத் தேநீரும் ரொட்டியும் வைத்தாள். வீட்டில் வைத்த ரொட்டியை மறுப்பது எங்களிடம் வழக்கமில்லை. அக்கா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு விமானம் எத்தனை மணிக்குக் கெளம்புச்சு?"

அவர் கிண்ணத்தைக் கையில் திருப்பினார். "பதினொண்ணு அஞ்சுன்னு எழுதினேன்."

"நீங்க எழுதினத நான் கேக்கல."

"பதினாறு."

மருமகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"அஞ்சுக்கு எஞ்சின் ஓடிட்டுதாம்மா இருந்துச்சு. பஸ்ஸக் காணோம், கதவ சாத்தப் போறாங்க. அந்த நேரம் பாத்து உன் லைன் கெடைச்சுது. விட்டா மத்தியானம்தான் கெடைக்கும், உனக்கே தெரியும். கெளம்பிடுச்சுன்னு சொல்லிட்டேன். போன வெச்சுட்டு நிமிந்தா, தூரத்து வளைவுல பஸ் தெரியுது. ஓடிப்போயி குபாத்துக்குக் கையக் காட்டினேன். அவன் ஏன்னுகூடக் கேக்கல, சிரிச்சான். பஸ் வந்து, அவ எறங்கி, பெட்டிய ஏத்தி... பதினாறு ஆயிடுச்சு."

"மறுபடி எனக்குப் போன் பண்ணலயா?"

"நாலு தடவ பண்ணினேன். லைன் இல்ல. பதினோரு நிமிஷந்தானேன்னு விட்டுட்டேன்."

"விசாரணைல?"

"பயம். பொய் நேரம் சொன்னவன உள்ள வெப்பாங்க. வீட்ல நாலு புள்ளைங்க. பெட்ரோல் லாரி ஓட்டினவனும் பாத்தான், அவன்கிட்ட கெஞ்சினேன். அவன் ரஷ்யாவுக்குப் போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் உனக்காகவும்தான். உன் வார்த்தைக்காகத்தான் நிறுத்தினேன்னு உங்கிட்ட நான் எந்த வாயால சொல்வேன்? தங்கச்சியையே குடுத்துட்டு நிக்கறவகிட்ட."

"எனக்காகவா, உங்களுக்காகவா?"

"முதல்ல உனக்காகன்னுதான் நெனச்சேன். இப்ப தெரியல."

அக்கா வெகுநேரம் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "முப்பதுக்குக் குபாத் பேசினாரு அண்ணே. சேணத்தத் தாண்டிட்டாருன்னு நெனச்சு, இங்க தெளிவா இருக்கு, வாங்கன்னு சொன்னேன். உங்க பதினாறு தெரிஞ்சிருந்தா, திரும்பிப் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

இது ஒரோஸாலிக்குப் புதிது. அவர் கிண்ணத்தைப் பார்க்காமலே கீழே வைத்தார், அது சாய்ந்தது. தேநீர் துணியெல்லாம் பரவியது. யாரும் துடைக்கவில்லை.

"ரெண்டு கோடை நானே தனியாப் போனேன்" என்றார். "கோக்ஜார் வாயோட திரும்பிட்டேன். உள்ள போக முடியல. முடியலயா, தைரியம் இல்லயா, அது வேற."

"அங்க எங்களுக்கு எறங்கற சத்தம் கேக்குது" என்றாள் அக்கா. "நாப்பத்தேழுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குமுன் எந்த மனிதனிடமும் பார்த்ததில்லை.

"இங்க கெளம்பற சத்தம்" என்றார். "பதினாறுக்கு. ஏர்போர்ட்டுப் பக்கத்துல இருந்த வீட்ட அதுக்காகத்தான் வித்தேன். ஆத்தத் தாண்டி வந்தேன். ஆத்தத் தாண்டியும் கேக்குது. பேரப்புள்ளைங்க வெளையாடிட்டே இருக்கும், அதுங்களுக்குக் கேக்காது. நான் மட்டும் எந்திரிச்சு நிப்பேன். ஒவ்வொரு தடவையும் கைய காட்டி நிறுத்திடலாம்னு தோணும். நிறுத்தினதுதானே தப்பு, மறுபடியும் நிறுத்தத்தான் கை மேல போகுது."

மறுநாள் அவரே போய் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். வயதையும் கடந்துபோன வருடங்களையும் பார்த்து அவரை ஒன்றும் செய்யவில்லை. அன்று அலுவலகத்துக்குக் கிளம்பும்முன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன் பேரு எதுவும் வராதும்மா. சொந்தக்காரன் ஒருத்தனுக்காக நிறுத்தினேன்னு எழுதிடறேன்." அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"மறுபடியும் தப்பாவா எழுதப் போறீங்க?"

ஜூலையில் மீட்புப் படையினர் ஆறு பேரும் நானும் கயிறு கட்டிக் கோக்ஜாருக்குள் இறங்கினோம். மூன்றாம் நாள், உருகாமல் கிடந்த பழைய பனித்திட்டு ஒன்றின் அடியில் வால் பகுதி நீட்டிக்கொண்டிருந்தது. எண்கள் வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஒன்பது பேரும் அங்கேயே இருந்தார்கள். நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குளிர் எதையும் அழிய விடவில்லை, அது போதும்.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"மூக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அக்தோபோ பக்கம்."

"அப்ப திரும்பிட்டாரு. நான் சொன்னது அவருக்குக் கேக்கல."

"கேட்டிருக்காதுக்கா."

"இல்ல, கேட்டுட்டு, கொஞ்சம் வந்து பாத்துட்டு, அப்புறம் திரும்பினாரா?"



ஆறு பேரை எங்கள் ஊரிலும் மூன்று பேரை அக்தோபோவிலும் அடக்கம் செய்தோம். நாற்பதாம் நாள் ஓதலுக்கு எல்லாக் குடும்பமும் தாஷ்கோரோவுக்கு வந்தது. ஆட்டை அறுத்து, கூடாரம் போட்டு, ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓதி முடித்துக் கையை முகத்தில் தடவிய பிறகு அக்கா எழுந்து ஆண்கள் பக்கம் வந்து நின்றாள். நான் அவள் சால்வையைப் பிடித்து இழுத்தேன். "விடு" என்றாள்.

"என் தங்கச்சிக்காக விமானத்த நிறுத்தி வைக்கச் சொன்னது நான்தான்" என்றாள். "பதினோரு நிமிஷம். அதுக்குள்ள மேகம் வந்துடுச்சு. கடைசியா அவங்கள வாங்கன்னு கூப்பிட்டதும் நான்தான். இது உங்க எல்லாருக்கும் தெரியணும்."

முதலில் பேசியவர் அந்த விமானத்தில் இறந்த பள்ளி ஆசிரியர் ஒருவரின் தம்பி, ஜூமாதில் என்று பெயர்.

"எங்கண்ணன் டைமுக்கு வந்து உக்காந்திருந்தான்" என்றார். கத்தவில்லை. "பத்தரைக்கே வந்து, ஜன்னல் சீட்டுல உக்காந்திருந்தான்."

எழுந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அக்காவுக்கு அவர் சலாம் சொன்னதே இல்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போவார். அதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதன. மற்றவர்கள் இறைச்சியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பேசாமல் கலைந்தார்கள். குபாத்தின் மனைவி புருல், அறுபதை எட்டிய ஒல்லியான பெண், ஒரு மூலையில் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் கடைசியில் அக்தோபோவிலிருந்து வந்த மாவு லாரியில் புருல் தனியாக வந்து இறங்கினாள். நான்தான் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் தன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவரு கடைசியாப் பேசினது உங்கிட்டதான். எப்படிப் பேசினாரு? பயந்துட்டாரா?"

"அவசரமா இருந்துச்சு. பயம் தெரியல."

"எங்கிட்ட பொய் சொல்லாத."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "பயமாவும் இருந்திருக்கலாம். மூணு வார்த்தைதான் கேட்டுச்சு."

"அந்த மூணையும் சொல்லு. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

அக்கா சொன்னாள். குபாத்தின் குரலில், அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து, கரகரப்பு வந்த இடத்தில் நிறுத்திச் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக அதை அவள் தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புருல் கோட்டைக் கழற்றிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே பனி கொட்டத் தொடங்கியது. வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்னதாகக் கணவாய் மூடிவிட்டது. தூரம் தொண்ணூற்றாறுதான், ஆனால் பறக்க ஒன்றுமில்லை. புருல் ஏழு மாதம் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் மேகம் இறங்கிய நாட்களில் இரண்டு பேரும் ஓடுபாதை ஓரத்தில் வந்து நிற்பார்கள். தோள் படாமல், இரண்டடி இடைவெளி விட்டு. அவர்களுக்கு என்ன கேட்டது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் டிராக்டர் எஞ்சினை நான் அணைப்பதே இல்லை. ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்தேன். புருல் நான்கடி முன்னால் போய், கையை நெற்றியில் வைத்து, ஆள் இறங்கும் உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

நான் கரி கொண்டுபோய்க் கொடுப்பேன். கதவுக்கு வெளியே இருந்தே சத்தம் கேட்கும்.

"தேநீர்ல இவ்வளவு உப்பா? மாட்டுக்கு வெச்சியா, மனுஷிக்கு வெச்சியா?"

"உங்க ஊர்ல சக்கரையக் கொட்டிக் குடிச்சுப் பல்லு போச்சு, அதான் உப்பு கரிக்குது."

"பல்லு போனாலும் வாய் இருக்கு பாத்துக்கோ."

நான் கரியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மே மாதம் புருல் ஊருக்குப் போனாள். அந்த வாரமே அக்கா வேலையை விட்டாள். நிலையத்துச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. எமில் நிரப்பிக்கொண்டு போன படிவத்துக்கு இதுவரை பதில் இல்லை. ஒரோஸாலி போன வருடம் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு அக்கா எட்டு மணி நேரம் பயணம் செய்து போய் வந்தாள்.

புருலும் அக்காவும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவு நேரம் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"அவ மருமகளத் திட்டுவா" என்றாள் அக்கா. "நான் கேட்டுக்கிட்டிருப்பேன்."